லீவரை மேலே தள்ளினேன்

பவானி மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது சுப்பராயன் வந்து பக்கத்தில் நின்றார். பட்டறையின் முதலாளி அவர். பெட்டி பிரிக்கும் மூலைக்கு அவர் வருவதே கிடையாது.

"அத்த நீ தொட வேணாம் பவானி. ராசையா பிரிக்கட்டும்."

"ஏன் சார்?"

"அது அந்த வண்டியோட மோட்டாரு."

எந்த வண்டி என்று அவள் கேட்கவில்லை. கையில் இருந்த ஆணியைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த ஆணியைப் பிடுங்கினாள்.

திருவொற்றியூர் தொழிற்பேட்டையில், பெயிண்ட் கிடங்குக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் நடுவில் இருந்தது அந்தப் பட்டறை. சின்ன விமானங்களின் பாகங்களைப் பழுது பார்த்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவது வேலை. முழு விமானம் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. மோட்டார் வரும், சக்கரம் வரும், சில சமயம் ஒற்றை இறக்கை லாரியில் வரும். பதினோரு வருடமாக அங்கே வேலை செய்யும் பவானி, தான் கையெழுத்துப் போட்ட எந்தப் பாகமும் பறப்பதைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு பயிற்சி விமானம் விழுந்திருந்தது. தெற்கே ஒரு பறக்கும் பள்ளிக்குச் சொந்தமானது அது. நவ்ரீன் என்ற பெண் பயிற்சியாளரும் வல்லரசு என்ற மாணவரும் தரையிறங்க வந்திருக்கிறார்கள். ஓடுதளத்தில் நாய்கள் குறுக்கே ஓட, இறங்காமல் மறுபடி மேலே ஏறப் பார்த்திருக்கிறார்கள். இறக்கையின் பின் ஓரத்தில் கீழ்ப்பக்கமாக மடங்கும் தகட்டுக்கு ஃபிளாப் என்று பெயர். இறங்கும்போது அதை முழுக்கத் தாழ்த்தினால் விமானம் மெதுவாக வந்து உட்காரும். மேலே ஏற வேண்டுமானால் அதை மடக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் காற்று பிடித்து இழுக்கும், சின்ன என்ஜினால் தூக்க முடியாது. அன்று ஃபிளாப் மடங்கவில்லை. விமானம் வேலியைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லையில் மூக்கு குத்தி விழுந்தது. வல்லரசுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நவ்ரீனுக்கு வலது கால்.

அந்த ஃபிளாப்பை ஏற்றி இறக்கும் மோட்டார்தான் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கடைசியாகப் பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் பவானி.

பட்டறைக் கோப்பில் அந்த வேலைத்தாள் இருந்தது. தேதியைப் பார்த்தாள். அவள் கணவன் ஜெகதீசனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள். அன்று வேலைக்கு வந்தது நினைவிருந்தது. கேட்டருகே வாட்ச்மேன் எழுந்து நின்றதும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தாளில் இருபத்திரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் போட்ட சிறு கையெழுத்து. மோட்டாரின் கார்பன் பிரஷ் மாற்றியது, திருகுத் தண்டுக்கு கிரீஸ் தடவியது, லிமிட் சுவிட்ச் சரிபார்த்தது. ஒன்றைக்கூடத் தான் செய்ததாக அவளுக்கு நினைவில்லை.

ஜெகதீசன் டிரெய்லர் ஓட்டினான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் வண்டிகளின் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் சில நாள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அந்த வரிசையில், காலை பதினொரு மணி வாக்கில், ஸ்டீயரிங் பிடித்தபடியே அவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. வரிசை மூன்று மணிக்குத்தான் நகர்ந்தது. பின்னால் இருந்த டிரைவர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, சண்டை போடுவதற்காக இறங்கி வந்து கதவைத் திறந்தார். அவர்தான் முதலில் பார்த்தவர். நாலு மணி நேரம்.

பவானி அன்றும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை. வரவில்லை. ஜெகதீசனின் தங்கை மங்கை காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு, தினமும் மதியத்துக்குமேல் குழம்பு கொண்டுவந்து வைப்பாள். "அழுதுடு அண்ணி. உள்ள வச்சிகினு இருந்தா ஒடம்புக்கு ஆவாது" என்பாள். உள்ளே எதையாவது வைத்திருப்பதாக பவானிக்குத் தெரியவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து வேலைக்குப் போனாள்.

மோட்டாரை மேசையில் ஏற்றினாள். ராசையா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் தட்டி நிமிர்த்துவதில் அந்தப் பேட்டையிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"பவானிம்மா, நீ பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சிடு. நாளைக்கு யாரும் ஒரு பேச்சு சொல்லக்கூடாது."

எடுத்தாள். பிறகு பேட்டரியை இணைத்து "கீழே" பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. திருகுத் தண்டு சுழன்று நீண்டு, கடைசி இடத்தில் லிமிட் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டியதும் நின்றது. "மேலே" அழுத்தினாள். உள்ளே வந்தது, நின்றது. முப்பது முறை. எடை தொங்கவிட்டு முப்பது முறை. சூடு ஏறவிட்டுப் பத்து முறை. எல்லா முறையும் அது சொன்னபடி கேட்டது.

பிரித்தாள். கிரீஸ் வேண்டிய அளவில் இருந்தது. பிரஷ்கள் புதியவை. திருகுகள் கழலாமலிருக்க இரட்டைக் கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கம்பிகள் வரிசையாக, ஒரே இறுக்கத்தில் இருந்தன. கம்பியின் நுனியை உள்பக்கமாக மடித்துவிடுவது அவள் பழக்கம், அடுத்து கை வைப்பவருக்குக் குத்தக்கூடாது என்று. ஆறு நுனிகளும் உள்பக்கம் மடிந்திருந்தன. அவள் கைதான் செய்திருந்தது. அவள் அங்கே இல்லாத ஒரு நாளில் கை தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்திருந்தால் அதுவாவது சுட்டிருக்கும் என்று தோன்றியது.

சுப்பராயன் வந்து பார்த்துவிட்டு மூச்சு விட்டார். "அப்பாடா. 'குறை எதுவும் காணப்படவில்லை'ன்னு எழுதி அனுப்பிடு. நம்ம தலை தப்பிச்சிது."

"அப்ப ஏன் சார் மடங்கல?"

"அந்தப் பொண்ணு ஃபிளாப் லீவர தள்ளியிருக்காது. பதட்டத்துல மறந்துடுச்சி. பள்ளிக்கூடத்துலயும் அதான் சொல்றாங்க. விழுந்த அப்புறம் கரண்டு போட்டுப் பாத்தாங்களாம், ஃபிளாப் நல்லா ஏறிச்சாம்."

"லீவரு எங்க இருந்திச்சாம்?"

"மேலதான் இருந்திச்சாம். விழுந்த அப்புறம் தள்ளியிருக்கும்னு சொல்றாங்க. அது நமக்கு எதுக்கு?"

பெட்டியோடு வந்த தாள்களில் நவ்ரீனின் வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் எழுதியது போல. வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. 'லீவரை மேலே தள்ளினேன். ஃபிளாப் வரவில்லை. கீழே இழுத்து மறுபடி மேலே தள்ளினேன். மூன்று எண்ணினேன். வரவில்லை.' அதற்குமேல் விளக்கமோ கெஞ்சலோ இல்லை. பவானி அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், மோட்டார் நல்லா கீதுன்னு எழுதறேன். குறை இல்லன்னு எழுத மாட்டேன்."

"ரெண்டும் ஒன்னுதானம்மா."

"இல்ல சார். அந்த வலது ரெக்கை நசுங்கினத நிமிக்க நம்மகிட்டதான வருது? அது வரட்டும். ஒயரு அதுக்குள்ளதான் ஓடுது. பாத்துட்டு எழுதறேன்."

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒயரில் கோளாறு என்றால் பழி பறக்கும் பள்ளியின் மேல் போகும். பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அந்தப் பள்ளியினுடையது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதமாக அந்த முகத்திடம் யாரும் எதையும் அதட்டிச் சொன்னதில்லை.

"ரெக்கை வந்த அப்புறம் ஒரு நாள். அதுக்கு மேல கேக்காத."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தாள். வீடு கடலோரக் குப்பத்தில். விரைவுச் சாலையைக் கடந்தாக வேண்டும். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, நிற்கும் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அன்றும் அப்படித்தான் நுழைந்தாள். எதற்கோ தலை நிமிர்ந்தபோது, மேலே கேபினில் ஒரு ஆள் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக் கிடப்பது தெரிந்தது.

அவள் படியில் கால் வைத்து ஏறி, கண்ணாடியைத் தட்டினாள். அசையவில்லை. கதவைக் கையால் குத்தினாள். ஆள் திடுக்கிட்டு எழுந்து கண்ணாடியை இறக்கினான்.

"இன்னாக்கா, வண்டி நகருதா?"

"இல்ல."

"அப்பறம்?"

"ஒன்னும் இல்ல. தூங்கு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சீட்டுக்கடியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான். "தண்ணி வோணுமா?"

வேண்டாம் என்று இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் விரல் முட்டியில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தாள். எரியவில்லை. மங்கை வைத்துவிட்டுப் போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே படுத்தாள்.

இறக்கை வியாழக்கிழமை வந்தது. லாரியிலிருந்து ஆறு பேர் தாங்கி இறக்கினார்கள். விமானத்தோடு சேரும் அடிப்பக்கத்தை இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கி, நுனியை மெத்தை வைத்த முக்காலியில் சாய்த்தார்கள். முன்விளிம்பில் வேலிக்கல் மோதிய பள்ளம் ஒரு கைப்பிடி ஆழம் இருந்தது. வெளியே நீட்டியிருந்த ஒயர் முனைகளில் குறை எதுவும் தெரியவில்லை.

பவானி மோட்டாரை அதன் இடத்தில் திரும்பப் பொருத்தி, அடிப்பக்கத்து ஒயர் முனைகளில் பேட்டரியைக் கொடுத்தாள். ஃபிளாப் இறங்கியது, ஏறியது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஒயரும் முழுசு என்றது மீட்டர். இருபது முறை, இருபத்தைந்து முறை. ராசையா பள்ளத்தை அளந்துகொண்டே சொன்னார்.

"வேல செய்யுதும்மா. அந்தப் பொண்ணுதான் மறந்திருக்கும். பாவம், யாரா இருந்தாலும் மறக்கும்."

மதியம் பவானி வாக்குமூலத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். தான் யார் என்று சொன்னாள்.

"நீங்களும் எங்க ஸ்கூல் சொல்லித்தான் பண்றீங்களா?" என்றாள் நவ்ரீன்.

"இல்லம்மா. ஒன்னே ஒன்னு கேக்கணும். லீவர தள்ளினப்ப மோட்டார் சுத்துற சத்தம் கேட்டிச்சா? சத்தம் கேட்டும் ஃபிளாப் வரலியா, இல்ல சத்தமே இல்லியா?"

"முழு என்ஜின் இரைச்சல்ல மோட்டார் சத்தம் கேக்காதுங்க. ஆனா நான் வலது சீட். மோட்டார் வலது இறக்கையில இருக்கு. அது சுத்தினா முதுகுல ஒரு சின்ன நடுக்கம் தெரியும். ஆயிரத்து இருநூறு மணி நேரம் அந்த சீட்டுல உக்காந்திருக்கேன். அன்னைக்கு அது வரல."

"ரெண்டாவது வாட்டி தள்ளினப்ப?"

"அப்பவும் வரல." பிறகு, "நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டாள்.

"நம்புறது என் வேல இல்லம்மா. நடுக்கம் இல்லன்னா மோட்டாருக்கு கரண்டு வரல. அது போதும் எனக்கு."

போனை வைத்துவிட்டு இறக்கையின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே இருந்தாள். சும்மா இருப்பதும் வெறித்துப் பார்ப்பதும் இப்போதெல்லாம் அவளுக்குக் கஷ்டமே இல்லை. ராசையா டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். அவளுக்கு வாங்கி வைத்த டீ ஆடை கட்டியிருந்தது.

"ராசையா அண்ணே," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "இது இப்ப படுத்துகினு கீது."

"ஆமா?"

"மேல பறக்கும்போது படுத்துகினா இருந்திச்சி? மொத்த வண்டியும் ரெக்கையிலதான தொங்கும். நுனி மேல வளையும்ல?"

ராசையா அளவுகோலைக் கீழே வைத்தார். "ஒடச்சிடப் போற."

"நாலு வெரல் தூக்கினா போதும். ஒடையாது."

கூரைக் கம்பியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, இறக்கை நுனிக்கு அகலமான பெல்ட் கட்டினார்கள். பவானி பேட்டரியருகே நின்று ஃபிளாப்பை முழுக்க இறக்கினாள். ராசையா சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்தார். நுனி முக்காலியை விட்டு எழும்பியது. ஒரு விரல். இரண்டு விரல்.

"மேலே" அழுத்தினாள். ஃபிளாப் அசைந்து ஏறத் தொடங்கியது.

மூன்று விரல். இன்னும் ஒரு கண்ணி.

மோட்டார் நின்றது. ஃபிளாப் பாதியில் தொங்கியது. அவள் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். ஒரு சத்தமும் இல்லை.

"எறக்குங்க."

நுனி ஒரு விரல் தாழ்ந்ததும் மோட்டார் தானாக உறுமி, ஃபிளாப் முழுசாக ஏறி மடங்கியது. ராசையா சங்கிலியைப் பிடித்தபடி அதையே பார்த்தார். "அடப்பாவி" என்றார் மெதுவாக, யாரையென்று இல்லாமல்.

ஏழு முறை செய்து பார்த்தார்கள். ஏழு முறையும் அதே உயரத்தில் நின்றது. சுப்பராயனைக் கூப்பிட்டு எட்டாவது முறை காட்டினார்கள். அவர் செல்போனில் படம் பிடித்தார்.

இறக்கையின் கீழ்ப்புறத்தில், கை மட்டும் நுழையக்கூடிய வட்ட மூடியைத் திறந்து, கண்ணாடித் துண்டும் டார்ச்சும் வைத்து பவானி தேடினாள். மூன்றாவது குறுக்குத் தகட்டில் ஒயர்க் கொத்தைப் பிடித்திருந்த கிளாம்ப் அளவு சின்னது. எப்போதோ யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒயரின் மேலுறை நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு ஒயராக விரலிடுக்கில் வைத்து மடக்கிப் பார்த்தாள். நாலாவது ஒயர் கிளாம்ப் நெரித்த இடத்தில் எலும்பில்லாதது போலத் துவண்டது. அந்தத் துண்டை வெட்டி வெளியே எடுத்து பிளேடால் உறையைக் கீறினாள். உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, பச்சை பூத்திருந்தன. இறக்கை படுத்திருக்கும்போது இரு பக்கத்து முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வளைந்தால் பிரிந்துவிடும்.

அது "மேலே" என்ற கட்டளை போகும் ஒயர்.

அறிக்கையை அவளே எழுதினாள். சுப்பராயன் அதைப் படித்தார், எழுந்து வெளியே போய் நின்றார், திரும்பி வந்து மறுபடி படித்தார். "கிளாம்ப் யாரு போட்டதுன்னு எழுதலியே."

"அது எனக்குத் தெரியாது சார்."

"அப்ப சரி" என்று சொல்லித் தன் கையெழுத்தையும் கீழே போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்து செயின் பிளாக் சோதனையை மறுபடி செய்யச் சொன்னார்கள். பள்ளியின் மற்ற ஐந்து விமானங்களையும் திறந்து பார்த்ததில் இன்னொன்றிலும் அதே சின்ன கிளாம்ப் இருந்தது, பாதி இழை அறுந்த ஒயரோடு. விமானம் ஓட்டக் கூடாதென்று நவ்ரீன்மேல் போட்டிருந்த தடையை நீக்கிக் கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டார்கள். ஒரு மாதம் வரை அந்தப் பள்ளியிலிருந்து பெட்டி எதுவும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது.

கால்கட்டு பிரித்த மறுவாரம் நவ்ரீனே வந்தாள், ஊன்றுகோலோடு. முப்பது வயதிருக்கும். ராயபுரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். ராசையா தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அந்த ஒயர பாக்கலாமா?"

அசலை அதிகாரிகள் எடுத்துப் போயிருந்தார்கள். பவானி போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். நவ்ரீன் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டெல்லாம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. பவானி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து, அவள் முதுகில் கையை வைத்தாள். குலுக்கம் கை வழியாக முழங்கை வரை வந்தது.

"வீட்ல கூட யாரும் நம்பலைங்க," என்றாள் நவ்ரீன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. தள்ளினேனா, தள்ளின மாதிரி நெனச்சுக்கறேனான்னு."

பவானி சொன்னாள். "அந்த மோட்டார நான் செஞ்சது எனக்கு ஞாபகமே இல்ல. என் வூட்டுக்காரரு போயி பதினேழாம் நாளு அது. ஒரு திருகுகூட ஞாபகம் இல்ல. நான்தான் உன்ன கீழ தள்ளிட்டேன்னு நெனச்சிகினு பிரிச்சேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மங்கையிடம்கூட.

நவ்ரீன் அவளைப் பார்த்தாள். "விழுந்த அப்புறம் எனக்கும் ஒன்னும் ஞாபகம் இல்லைங்க. வல்லரசு பெல்ட்ட நான்தான் அவுத்தேனாம். ஒடைஞ்ச காலோட அவன கொல்லை ஓரம் வரைக்கும் இழுத்துட்டுப் போனேனாம். அவன் சொல்றான். எனக்கு அப்படி ஒரு விஷயமே ஞாபகத்துல இல்ல."

"கால் வலிக்கலியா அப்ப?"

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் வலிச்சுது. ஆனா வலிச்சப்ப தாங்கவே முடியல."

பவானி தலையசைத்தாள். அதைப் பற்றி மேலே கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள்.

வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது. நிமிர்த்திப் பெயிண்ட் அடித்த இறக்கையை ஏற்றிப் போக வந்திருந்தது. ராசையா ஆட்களைக் கூப்பிட்டார். ஐந்து பேர்தான் தேறினார்கள். பவானி எழுந்து போய் நுனிப்பக்கம் தோள் கொடுத்தாள். நவ்ரீன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் ஃபிளாப் ஆடாமல் பிடித்துக்கொண்டு லாரி வரை கூடவே நொண்டி வந்தாள். பெல்ட்டுகளை இறுக்கும்போது, இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று பவானி டிரைவரிடம் சொன்னாள். அவன் இன்னொரு சுற்று சுற்றிக் கட்டினான்.